பிரெஞ்சு விசைப்பலகை உள்ள பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: எதைப் போடுவது, எதை மாற்றுவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருகிறவர்களுக்கும் புரியும். இருப்பது புதுச்சேரி முத்தியால்பேட்டையில். பிரான்ஸில் இருக்கும் அத்தை விட்டுப்போன லேப்டாப் ஒன்று கையில் இருக்கிறது: ஐந்தாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி சுழலும் ஹார்ட் டிஸ்க், பிரெஞ்சு விசைப்பலகை. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள இன்டெல் சில்லுகளை, சில விதிவிலக்குகள் தவிர, ஏற்பதில்லை. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, தமிழிலும் பிரெஞ்சிலும் தட்டச்சு செய்து, திரையையும் விருப்பப்படி மாற்றிக்கொள்ள நினைக்கிறீர்கள். நண்பர் ஆர்ச் என்ற லினக்ஸ் வகையைப் போடச் சொல்கிறார்; எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதற்குள்ளேயே இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குத் தெரிகிறது: இஷ்டப்படி மாற்றிப் பார்க்கிறேன், கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் எந்த லினக்ஸ் என்பது பாதிக்குப் பாதி சின்ன விஷயமாகிவிடும். என் பரிந்துரை லினக்ஸ் மின்ட் 22 வரிசை, எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான டெஸ்க்டாப் உள்ள பதிப்பு. உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸின் மேல் கட்டியது, 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். உங்கள் கோப்புகளுக்கும் அமைப்புகளுக்கும் ஹோம் என்ற தனிப் பகுதியை ஒதுக்குங்கள். மாற்றங்களை எல்லாம் முடிந்தவரை அந்த ஹோமுக்குள்ளேயே செய்யுங்கள். இந்த இரண்டையும் கடைப்பிடித்தால் என்ன கெட்டாலும் ஒரு மாலைப் பொழுதில் சரிசெய்துவிடலாம். இவ்வளவும் உறுதியாகச் சொல்கிறேன். வைஃபை வேலை செய்யுமா, மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுமா என்பதெல்லாம் உள்ளே இருக்கும் சில்லுகளைப் பொறுத்தது. அதை உங்கள் லேப்டாப்பிலேயே சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

மென்பொருளுக்கு முன் வன்பொருள். இந்த லேப்டாப் மெதுவாக இருப்பதற்குப் பெரிய காரணம் அந்தச் சுழலும் ஹார்ட் டிஸ்க். அதை வைத்துக்கொண்டு எந்த லினக்ஸைப் போட்டாலும் ஏமாற்றம்தான் மிஞ்சும். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 240 அல்லது 256 ஜிபி, 7 மில்லிமீட்டர் தடிமன் உள்ளதாக வாங்குங்கள். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டராக இருந்தால் அதே தாங்கியில் புதியது சற்றுத் தளர்வாக உட்காரும். எஸ்எஸ்டியோடு சில நிறுவனங்கள் தரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டிக்கொள்ளலாம். பழைய டிஸ்கை வெளிப்பெட்டியில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு முன் லினக்ஸில் உள்ள டிஸ்க்ஸ் செயலியில் அதன் ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்கின் உடல்நலக் குறிப்பை, பாருங்கள். "கரன்ட் பெண்டிங் செக்டர்" என்ற வரியில் பூஜ்யத்துக்கு மேல் எண் இருந்தால் அந்த டிஸ்கை நம்பி எதையும் வைக்காதீர்கள்.

ரேம் வாங்கும்போது கவனம் வேண்டும். இந்தத் தலைமுறை லேப்டாப்களில் பெரும்பாலும் டிடிஆர்3எல், அதாவது 1.35 வோல்ட்டில் ஓடுவது இருக்கும். கடையில் டிடிஆர்3 என்று கேட்டால் 1.5 வோல்ட் குச்சியை எடுத்துத் தருவார்கள். அதைப் போட்டால் திரையே வராமல் போகலாம். மேலே ஒட்டியிருக்கும் தாளில் "பிசி3எல்" என்று அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு 4 ஜிபி சேர்த்து 8 ஆக்கினாலே பிரவுசருக்குப் போதும். சில மாடல்களில் ஒரே ஒரு ஸ்லாட்தான் இருக்கும், சிலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதனால் பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

நம் கடற்கரைப் பக்கத்துக்கென்றே இன்னொரு சங்கதி. புதுச்சேரி, கடலூர் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. பல மாதம் மூடிக் கிடந்த லேப்டாப்பில் ரேமின் தங்க நிறத் தொடுமுனைகளில் மங்கல் படிந்திருக்கும். காரணமே இல்லாமல் உறைந்து நிற்பது, இன்ஸ்டால் பாதியில் ஒவ்வொரு முறையும் வேறுவேறு பிழை காட்டுவது எல்லாம் இதன் அறிகுறிகளாக இருக்கலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ரேமை எடுத்து, தொடுமுனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாக உலர்ந்த பின் மாட்டுங்கள். பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ கருவி ஒரு முழுச் சுற்று ஓடட்டும். அதன் 6-ஆம் பதிப்பு முதல் யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பின் வந்த தொடக்க மென்பொருள்) உள்ள கணினிகளிலும் இயங்குகிறது. ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமோடு மேலே போகாதீர்கள்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை அங்கேயும் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். அடாப்டர் அப்படியே ஓடும். ஆனால் பிரெஞ்சு பிளக்கின் எர்த் இணைப்பு நம் சாக்கெட்டில் சேராது. உலோக உடல் உள்ள லேப்டாப்பைத் தொடும்போது லேசாகச் சுர்ரென்று இழுத்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். அடாப்டருக்குள் செருகும் மூன்று முனை வயர் தனியாகக் கழலும் என்றால், அதே வகையில் நம் ஊர் மூன்று முனை பிளக் உள்ள வயரை வாங்கி மாற்றுங்கள். பேட்டரி செத்துப் போயிருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். வீட்டு இன்வெர்ட்டர்கள் சிலவற்றில் யூபிஎஸ் நிலைக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். அந்த நிலையில் இல்லையென்றால் கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் சிறு இடைவெளியிலேயே லேப்டாப் அணைந்துவிடலாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததைப் போன்ற நாட்களில் இன்ஸ்டாலோ பெரிய அப்டேட்டோ தொடங்கவே வேண்டாம்.

இனி பென் டிரைவ். மின்ட் கோப்பு 3 ஜிபியை ஒட்டி இருக்கும்; 8 ஜிபி பென் டிரைவ் போதும். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலி டிரைவ்கள் சந்தையில் நிறைய உலவுகின்றன. அவற்றில் எழுதும்போது பிழை வராது, பூட் ஆகும்போதுதான் பாதியில் நிற்கும். லினக்ஸில் எஃப்3 என்ற கருவியும் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற கருவியும் உண்மைக் கொள்ளளவைக் காட்டிவிடும். இறக்கிய கோப்பின் ஷா256 எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) மின்ட் தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுவதைத் தவிர்க்காதீர்கள். 2016 பிப்ரவரியில் ஊடுருவிகள் அந்தத் தளத்துக்குள்ளேயே நுழைந்து, பின்கதவு வைத்த கோப்புக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள். அதனால்தான் எண்ணை ஒப்பிடுவதோடு, அந்த எண் பட்டியலுக்கு மின்ட் குழு இட்டிருக்கும் ஜிபிஜி என்ற டிஜிட்டல் கையொப்பத்தையும் சரிபார்க்கச் சொல்கிறார்கள். எழுதுவதற்கு ரூஃபஸ், எட்சர், வென்டாய் எதுவானாலும் சரி. பல லினக்ஸ்களைச் சோதிக்க ஆசை இருந்தால் வென்டாய். ஒரே டிரைவில் பல கோப்புகளைப் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

பென் டிரைவிலிருந்து பூட் செய்ததும் இன்ஸ்டாலை உடனே அழுத்த வேண்டாம். பென் டிரைவிலிருந்தே லினக்ஸ் ஓடும் அந்த நேரடி அமர்வில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். வைஃபை, ஒலி, கேமரா, டச்பேடில் இரட்டை விரல் நகர்வு, திரை வெளிச்சம் கூட்டுதல் குறைத்தல், மூடித் திறத்தல் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வைஃபை தெரியவில்லை என்றால் பெரும்பாலும் பிராட்காம் சில்லாக இருக்கும், அதற்குத் தனி டிரைவர் வேண்டும். போனை யூஎஸ்பி வயரில் இணைத்து டெதரிங் போட்டால் இணையம் உடனே வந்துவிடும். இன்ஸ்டால் முடிந்ததும் அதே வழியில் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் தேவையான டிரைவரை அதுவே காட்டும். இன்ஸ்டாலரில் எஸ்எஸ்டியே தெரியவில்லை என்றால் பயாஸில் சாட்டா நிலை ரெய்டாக இருக்கிறதா என்று பார்த்து ஏஎச்சிஐ-க்கு மாற்றுங்கள்.

உங்களைப் போலப் பிரெஞ்சு விசைப்பலகை வைத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்வது அடுத்த கட்டத்தில், பாஸ்வேர்டு வைக்கும்போது. நேரடி அமர்வு தொடங்கும்போது விசைப்பலகை அமெரிக்க அமைப்பில் இருக்கும். விசையில் 'ஏ' என்று அச்சாகியிருப்பதை அழுத்தினால் 'கியூ' விழும். இசட்டும் டபிள்யூவும் அப்படியே இடம் மாறியிருக்கும். எம் என்று அச்சான விசையில் அரைப்புள்ளி வரும். எண்களுக்குப் பிரெஞ்சில் ஷிஃப்ட் வேண்டும், அமெரிக்க அமைப்பில் வேண்டாம். பாஸ்வேர்டு பெட்டியில் புள்ளிகள்தான் தெரியும் என்பதால் எதை வைத்தோம் என்றே தெரியாமல் போய்விடும். மறுநாள் சரியாகத்தான் அடிக்கிறேன், உள்ளே விடமாட்டேன் என்கிறது என்று நிற்க வேண்டியிருக்கும். இன்ஸ்டாலரின் விசைப்பலகைத் திரையில் பிரெஞ்சைத் தேர்ந்து, கீழே உள்ள சோதனைப் பெட்டியில் அடித்துப் பார்த்துவிட்டு நகருங்கள். அதற்கும் மேல் ஒரு பாதுகாப்பு: முதல் பாஸ்வேர்டை இரண்டு அமைப்பிலும் ஒரே இடத்தில் இருக்கும் எழுத்துகளால் மட்டும் வையுங்கள். ஏ, கியூ, இசட், டபிள்யூ, எம் ஆகிய ஐந்தையும், எண்களையும், குறிகளையும் விட்டுவிட்டால் மீதி 21 எழுத்துகள் இடம் மாறுவதில்லை. அவற்றில் 16-க்குக் குறையாத நீளத்தில் ஒன்று வைத்தால் வலுவாகவும் இருக்கும். டிஸ்க் முழுவதையும் குறியாக்கம் செய்யப் போகிறீர்கள் என்றால் இந்த ஏற்பாடு கட்டாயம். பூட்டின் தொடக்கத்திலேயே கேட்கும் அந்தப் பாஸ்வேர்டு திரையில் விசைப்பலகையை மாற்ற வசதியாக எதுவும் இருக்காது.

பகுதி பிரிப்பதற்கு "சம்திங் எல்ஸ்" என்ற வழியைத் தேர்ந்தெடுங்கள். 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு இப்படிப் பிரிக்கலாம்: பூட்டுக்கான இஎஃப்ஐ பகுதி 512 எம்பி, சிஸ்டம் உட்காரும் ரூட் 60 ஜிபி, மிச்சம் எல்லாம் ஹோம். ரூட்டும் ஹோமும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில். ரூட்டுக்கு 20 ஜிபியே போதும் என்று பலர் எழுதுவார்கள். ஆனால் டைம்ஷிஃப்ட் என்ற கருவி எடுக்கும் நிலைப்படிகளும் (பின்னால் திரும்பிப் போக வசதியாகச் சேமிக்கும் சிஸ்டத்தின் நிலைகள்) அங்கேதான் சேரும், இடம் போதாமல் ரூட் நிரம்பினால் லாகின் கூட ஆகாது. ரேம் போதாதபோது டிஸ்கில் எடுத்துக்கொள்ளும் இடமான ஸ்வாப்புக்குத் தனிப் பகுதி வேண்டாம், ஸ்வாப் கோப்பை இன்ஸ்டாலரே உருவாக்கிக்கொள்ளும். ஹோமைத் தனியே வைப்பதன் பலன் மறு இன்ஸ்டாலின்போது தெரியும். அதே பகுதியை ஹோமாகக் காட்டி, "ஃபார்மட்" கட்டத்தில் மட்டும் டிக் வைக்காமல், அதே பயனர் பெயரைக் கொடுத்தால் உங்கள் கோப்புகள், வால்பேப்பர், பிரவுசர் புக்மார்க் எல்லாம் அப்படியே இருக்கும். டிக் வைத்துவிட்டால் எல்லாம் போச்சு. அதனால் மறு இன்ஸ்டாலுக்கு முன் வெளி டிஸ்கில் ஒரு நகல் இருந்தே ஆக வேண்டும்.

இன்ஸ்டால் முடிந்ததும் மூன்று வேலைகள். அப்டேட் மேனேஜரை ஓட்டி முடியுங்கள். டைம்ஷிஃப்டைத் திறந்து ஆர்சிங்க் முறையைத் தேர்ந்து, முதல் நிலைப்படியை எடுங்கள். முதலாவதுதான் சிஸ்டத்தின் அளவுக்கு இடம் பிடிக்கும், அடுத்தவை மாறிய கோப்புகளுக்கு மட்டும் இடம் எடுக்கும். தினசரி எடுப்பவற்றில் கடைசி இரண்டு, வாரந்தோறும் எடுப்பவற்றில் கடைசி ஒன்று என்று வைத்துக்கொண்டால் போதும். டைம்ஷிஃப்ட் ஹோமைத் தொடாது. அதே எஸ்எஸ்டியில் இருப்பதால் எஸ்எஸ்டி செத்தால் அதுவும் சேர்ந்து போய்விடும், ஆகவே இதை பேக்கப் என்று எண்ணிவிடாதீர்கள். மூன்றாவது, ரேமை உயர்த்தாமல் 4 ஜிபியிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் இசட்ராம்-டூல்ஸ் தொகுப்பை நிறுவுங்கள். அதன் அமைப்புக் கோப்பில் சுருக்க முறைக்கு இசட்எஸ்டிடி, அளவுக்கு 50 சதவீதம் என்று கொடுங்கள். ரேமின் ஒரு பகுதியைச் சுருக்கி ஸ்வாப்பாகப் பயன்படுத்துவதால் எஸ்எஸ்டிக்குப் போய்வரும் வேலை குறையும். பிரவுசரில் பத்துப் பன்னிரண்டு டேப் திறப்பவருக்கு வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

இப்போது தட்டச்சு. தமிழுக்கு ஐபஸ் (தட்டச்சு மொழியை மாற்றித் தரும் கருவி), ஐபஸ்-எம்17என் (அதற்கான பன்மொழித் தட்டச்சு விதிகள்) இரண்டையும் சாஃப்ட்வேர் மேனேஜரில் நிறுவி, இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்து, ஒருமுறை லாக்-அவுட் செய்து உள்ளே வாருங்கள். பிறகு ஐபஸ் அமைப்பில் ஆங்கிலம்-அமெரிக்கா, பிரெஞ்சு, தமிழ் தமிழ்99 (தமிழுக்கான விசை அமைப்பு) மூன்றையும் சேருங்கள். சூப்பர் விசையையும் (விண்டோஸ் சின்னம் உள்ளது) ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறும். கீபோர்டு லேஅவுட் பட்டியலிலேயே தமிழ்99 மாதிரியான ஒன்று இருக்கிறதே, அதைப் போட்டால் என்ன என்று தோன்றலாம். அது ஒரு விசைக்கு ஒரு குறி என்ற அளவில்தான் வேலை செய்யும். க இரண்டு முறை அடித்தால் முதல் க-வுக்குத் தானாகப் புள்ளி வருவது, ங-வை அடுத்து க, ந-வை அடுத்து த வந்தால் புள்ளி விழுவது போன்ற தமிழ்99-ன் விதிகளை அது பார்க்காது. அந்த விதிகள் எம்17என்-இல்தான் இருக்கின்றன.

இங்கேயும் பிரெஞ்சு விசைப்பலகை குறுக்கே வரும். எம்17என் விசையின் இடத்தைப் பார்ப்பதில்லை, அந்த விசை எந்த எழுத்தை அனுப்புகிறது என்றுதான் பார்க்கிறது. அதோடு பெரும்பாலான அமைப்புகளில் தமிழ்99 தனக்கென்று அடித்தள அமைப்பு எதையும் கொண்டுவருவதில்லை. அதற்கு முன் எது இருந்ததோ அதன் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்கு மாறினால் அ-வும் ஆ-வும் இடம் மாறும். ஈ-யும் ஔ-வும் அப்படியே. எல் விசைக்கு வலப்பக்கம் ந வர வேண்டிய இடத்தில் ர வரும். ச, ஞ இரண்டும் சதுர அடைப்புக்குறி விசைகளில் இருப்பவை. பிரெஞ்சில் அவை ஆல்ட்ஜிஆர் விசையோடு சேர்த்து அடிக்க வேண்டிய இடத்தில் இருப்பதால் ச அடிப்பதே பெரும்பாடாகிவிடும். பலர் இதைப் பார்த்துவிட்டு லினக்ஸில் தமிழ் சரியில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். தீர்வு எளிது: முதலில் அமெரிக்க அமைப்புக்கு மாறுங்கள், அங்கிருந்து தமிழ்99-க்கு மாறுங்கள். ஐபஸ் பட்டியலில் பிரெஞ்சு, அமெரிக்கா, தமிழ் என்ற வரிசையில் வைத்தால் கை தானாக அந்த வழியிலேயே பழகிவிடும். விசைகளில் தமிழ் ஸ்டிக்கர் ஒட்டப் போகிறீர்கள் என்றால், அச்சான பிரெஞ்சு எழுத்தைப் பார்க்காமல் விசையின் இடத்தைப் பார்த்து ஒட்டுங்கள். தமிழ்99 பழக்கமில்லை, ஒலிபெயர்ப்பில் அடிப்பவர் என்றால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. அச்சான எழுத்தையே அடிப்பதால் பிரெஞ்சு அமைப்பின் மேலேயே வேலை நடக்கும். இருந்தாலும் நீண்ட கட்டுரைகள் எழுதுபவர்களுக்கு நான் தமிழ்99-ஐத்தான் சொல்வேன், விசை அழுத்தங்கள் கணிசமாகக் குறையும்.

பிரெஞ்சுக்கு அமைப்புப் பட்டியலில் பல வகைகள் தெரியும். "ஆல்ட்" என்று குறித்த வகையைத் தேர்ந்தெடுங்கள். ஓ-வும் ஈ-யும் ஒட்டிய எழுத்தை ஆல்ட்ஜிஆரும் ஓ-வும் சேர்த்து அடித்துவிடலாம், மேற்குறி உள்ள பெரிய எழுத்துகளுக்கும் வழி இருக்கிறது. எழுத்துப்பிழை பார்க்க ஹன்ஸ்பெல்லின் பிரெஞ்சுத் தொகுப்பை நிறுவினால் ஆவணங்கள் எழுதும் லிப்ரெ ஆபிஸ் எடுத்துக்கொள்ளும். லிப்ரெ ஆபிஸில் தமிழுக்கு ஒரு தனி அமைப்பு உண்டு. அது தமிழைச் சிக்கலான எழுத்துமுறை (காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்) வகையில் சேர்ப்பதால் எழுத்துரு, அளவு, மொழி மூன்றும் தமிழுக்குத் தனியாக நினைவில் இருக்கும். மொழி அமைப்பில் அந்த வகையை இயக்கி, தமிழ் என்று குறித்து, எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் தமிழை வையுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் ஸ்டைலில் அளவை 14 ஆக்கினேன், ஆங்கிலம் மட்டும் பெரிதாகிறது, தமிழ் அப்படியே நிற்கிறது என்று குழம்புகிறார்கள்.

பழைய தமிழ் ஆவணங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து பொருளற்ற வரிகளாகத் தெரியலாம். அவை பாமினி, வானவில் போன்ற யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை, லினக்ஸின் கோளாறு அல்ல. அந்த எழுத்துருக் கோப்பு கையில் இருந்தால் ஹோமுக்குள் எழுத்துருக் கோப்புறையில் போட்டுப் படிக்கலாம். ஆனால் தேடவோ தொடர்ந்து திருத்தவோ வேண்டுமென்றால் யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். தமிழ்நாடு அரசே 2010-இல் யுனிகோடை ஏற்றாயிற்று.

அடுத்தது அலங்காரம். உங்கள் ஆர்வம் இங்கேதான் என்று தெரிகிறது. தீம், ஐகான், எழுத்துரு, பேனல், குறுக்கு விசைகள் என எல்லாமே ஹோமுக்குள் வைக்கக்கூடியவை. தீம்களைப் புள்ளியில் தொடங்கும் தீம்ஸ் கோப்புறையிலும் ஐகான்களை அதே போன்ற ஐகான்ஸ் கோப்புறையிலும் பிரித்துப் போட்டால் அப்பியரன்ஸ் அமைப்பில் தெரியும். ரூட் பாஸ்வேர்டு எதற்கும் தேவையில்லை. ஒரு தீம் நிறுவும்போது சூடோ, அதாவது நிர்வாகி உரிமை, கேட்கிறது என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு வேறு தீம் பாருங்கள். சூடோ இல்லாமலும் ஆபத்து உண்டு. 2024 மார்ச்சில் கேடிஇ பிளாஸ்மா என்ற இன்னொரு டெஸ்க்டாப்புக்கான ஒரு முழுத் தீம், நிறுவியவரின் கோப்புகளையே அழித்துவிட்டது. முழுத் தீம்களுக்குள் நிரல் துண்டுகளும் ஓடும் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. நிறமும் வடிவமும் மட்டும் கொண்ட சாதாரணத் தீம்களில் அந்த ஆபத்து மிகக் குறைவு.

பேனலை மாற்றுவதற்கு முன் பேனல் புரொஃபைல்ஸ் கருவியில் இப்போதைய நிலையைச் சேமித்துக்கொள்ளுங்கள். எதையும் சோதிக்க இரண்டாவது பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி வைத்துக்கொள்வது மிக நல்ல பழக்கம். உங்கள் கணக்கில் திரை கறுப்பாக நின்றால் அந்தக் கணக்கில் நுழையுங்கள். அங்கே எல்லாம் சரியாக இருந்தால் சிஸ்டம் நன்றாக இருக்கிறது, உங்கள் ஹோமில் ஏதோ ஓர் அமைப்புக் கோப்புதான் சிக்கல். எக்ஸ்எஃப்சிஇ-யின் அமைப்புகள் புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக் கோப்புறைக்குள் எக்ஸ்எஃப்சிஇ4 என்ற பெயரில் இருக்கும். அதன் பெயரை மாற்றிவிட்டு மறுபடி நுழைந்தால் புதிதாகத் தொடங்கும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதன்பின் ஒரு நாள் பயன்பாடு என்று போங்கள். ஒரே இரவில் ஐந்தை மாற்றினால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

சிஸ்டத்தைக் கெடுப்பவை வேறு. முதலாவது, எங்கோ பார்த்த பிபிஏ-க்களை, அதாவது வெளியார் நடத்தும் மென்பொருள் களஞ்சியங்களை, சேர்த்துக்கொண்டே போவது. அவை சிஸ்டத்தின் அடிப்படை நூலகங்களைப் புதிய பதிப்புக்கு இழுத்துவிட்டால் அடுத்த பெரிய அப்டேட்டில் சிக்கிக்கொள்ளும். உபுண்டு 24.04-க்கான பிபிஏ என்றால்தான் மின்ட் 22-க்குப் பொருந்தும், டெபியனுக்கோ வேறு உபுண்டுவுக்கோ உள்ளது பொருந்தாது. ஒரு செயலியின் புதிய பதிப்பு வேண்டுமென்றால் ஃபிளாட்பேக் என்ற தனித்தொகுப்பு வடிவில் எடுங்கள். இடம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் சிஸ்டத்தைத் தொடாது. இரண்டாவது, பைத்தான் என்ற நிரல்மொழி. சிஸ்டத்தின் பைத்தானை நீக்கினாலோ மாற்றினாலோ டெஸ்க்டாப்பே போய்விடும், மின்டின் கருவிகள் பல அதில்தான் எழுதப்பட்டவை. பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் கருவியை ஓட்டும்போது "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு" என்று தடுப்பது இந்த விபத்தைத் தவிர்க்கத்தான். தடையை உடைக்கும் வழியைத் தேடாமல் வெர்ச்சுவல் என்விரான்மென்டோ பிப்எக்ஸோ பயன்படுத்துங்கள். மூன்றாவது, இணையத்திலிருந்து இறக்கும் ஸ்கிரிப்ட்டை நேரே சூடோவுக்குள் அனுப்பும் ஒற்றை வரிக் கட்டளைகள். கோப்பாக இறக்கிப் படித்துப் பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

அப்டேட் நடுவில் கரண்ட் போய்விட்டது என்று வையுங்கள். எக்ஸ்ட்4 ஜர்னல் (மாற்றங்களின் குறிப்பேடு) வைத்திருப்பதால் கோப்பு முறைமை பெரும்பாலும் தப்பிவிடும், பாதியில் நின்ற தொகுப்புகள்தான் தொல்லை தரும். பூட்டின் தொடக்கத்தில் வரும் கிரப் பட்டியலில் ரெக்கவரி மோடுக்குப் போனால் எஃப்எஸ்சிகே (கோப்பு முறைமையைச் சரிபார்ப்பது) என்றும் டிபிகேஜி (தொகுப்புகளைச் சரிசெய்வது) என்றும் தேர்வுகள் இருக்கும்; அந்த வரிசையில் இரண்டையும் ஓட்டுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் பென் டிரைவில் பூட் செய்து, அங்கிருந்தே டைம்ஷிஃப்டைத் திறந்து கடைசி நல்ல நிலைப்படிக்குத் திரும்பலாம். அந்தப் பென் டிரைவை இன்ஸ்டால் முடிந்ததும் அழித்துவிடாதீர்கள்.

உங்கள் நண்பர் சொன்ன ஆர்ச் நல்ல சிஸ்டம்தான். ஒவ்வொரு பாகத்தையும் தானே தேர்ந்து கட்டும்போது கற்றுக்கொள்வது ஏராளம், ஆர்ச் விக்கியோ எந்த லினக்ஸ் பயனருக்கும் உதவுவது. ஆனால் அது பதிப்பு பதிப்பாக வராமல் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே இருக்கும் "உருளும்" வகை. ஒழுங்காக அப்டேட் செய்ய வேண்டும், அப்டேட்டுக்கு முன் அறிவிப்புகளைப் படிக்க வேண்டும். வீட்டில் ஒரே கணினி அதுதான் என்றால் முதல் சிஸ்டமாக வேண்டாம். ஹோமில் 40 ஜிபியைக் குறைத்துப் பின்னால் தனிப் பகுதியில் போட்டுப் பழகலாம், மின்ட் பத்திரமாக இருக்கும். இதே பதிலைப் படிக்கும் கடலூர்ப் பக்கத்தவர்கள் யாரிடமாவது 32 பிட் மட்டுமே ஓடும் மிகப் பழைய கணினி இருந்தால் மின்ட் 22-உம் ஆர்ச்சும் ஆகாது. டெபியன் 12 என்ற லினக்ஸைப் பாருங்கள், நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை இருக்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் பிசிக்கான இன்ஸ்டாலர் கிடையாது.

நேரில் உதவி வேண்டுமென்றால் புதுச்சேரியில் எஃப்எஸ்எச்எம் என்று அழைக்கப்படும் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் இருக்கிறது, விழுப்புரத்தில் விஜிலக் என்ற லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. தமிழில் படிக்கக் கணியம் தளம் 2012 முதல் கட்டுரைகள் வெளியிட்டு வருகிறது. எங்கே கேட்டாலும் "வைஃபை வரவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். மின்டில் சிஸ்டம் ரிப்போர்ட்ஸ் என்ற செயலி உண்டு. அதில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் உள்ள முழு விவரத்தையும் நகலெடுத்து, கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். வைஃபை சில்லின் பெயர் அதில் இருக்கும். இங்கேயே போட்டாலும் பார்த்துச் சொல்கிறேன்.